திவ்யாவுக்கு ஒரு வெல்கம் மெயில்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து விடாத தூறல். முடிச்சூர் ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடை. மேற்குத் தாம்பரத்தில் குடியிருப்பவளுக்கு நவம்பரில் செருப்பு எதற்கு?

ரயிலில் எதிர் சீட்டு அம்மா போனில்: "லீவு வுட்டாங்களா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல. டிவில போட்டுகினே கீறான், நம்ம ஜில்லா பேரு மட்டும் வரல." பெண்கள் பெட்டி முழுக்க அவர் வாயையே பார்த்தது. பல்லாவரத்தில் நான் இறங்கும்வரை முடிவு தெரியவில்லை.

அங்கிருந்து பஸ், நின்றபடியே. எங்கள் ஆபீஸ் பர்வீன் பிரசவ லீவில் போனதிலிருந்து இந்த பஸ்தான் கதி. முன்பெல்லாம் குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பாள். பம்மல், அனகாபுத்தூர் வழியாகத் திருமுடிவாக்கம். வழியெல்லாம் பேச்சு. ஏழு வருஷமாகப் பின் சீட்டில் உட்கார்ந்து என் வீட்டுக் கதை பூராவும் அவளிடம் கொட்டியாகிவிட்டது.

தகடு அடித்து வண்டிகளுக்குப் பாகம் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் எச்.ஆர். எச்.ஆர். என்றால் நான் ஒருத்திதான். பி.எஃப்., லீவு, கேன்டீன் சண்டை எல்லாம் என் தலையில்.

பதினோரு மணி டீக்கு முன் எம்.டி. சார் கூப்பிட்டார். "ஹெலன், வியாழக்கிழமை ஒரு பொண்ணு ஜாயின் பண்றாங்க. திவ்யா, கோயம்புத்தூர். பர்ச்சேஸ். நம்ம வெல்கம் மெயில் ரெடி பண்ணிடுங்க."

பர்ச்சேஸ் என்றால் பர்வீன். அவளைத் தவிர அங்கே யாரும் கிடையாது.

"பர்வீன் லீவு முடியற வரைக்குமா சார்?"

"பர்மனென்ட்தான். பர்வீன் வரட்டும், ஸ்டோர்ஸ்ல போட்டுக்கலாம். கைக்குழந்தை வேற. அவங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

ஸ்டோர்ஸ் இருப்பது இரண்டாவது ஷெட்டில். விடிந்ததும் லாரி வந்து நிற்கும், ஏழு மணிக்கெல்லாம் ஆள் இருந்தாக வேண்டும். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு அவளால் ஒரு வாரம்கூட வர முடியாது. சாருக்கும் தெரியும். அவர் இதுவரை யாரையும் போகச் சொன்னதில்லை. முடியாத இடத்தில் போடுவார், சிரித்த முகமாகக் காத்திருப்பார், அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

பிரசவ லீவில் இருப்பவளை நிறுத்தக் கூடாது, அவளுக்குப் பாதகமாக வேலையை மாற்றவும் கூடாது. சட்டம் எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். "சரி சார்" என்று வந்தது.

குடை பஸ்ஸில் போயிற்று.

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். புதுக் குடை வாங்க வேண்டும். அரிசி மாவு. அம்மாவுக்கு போன்.

வியாழனுக்கு வேண்டியவை: ஐ.டி. கார்டு, பஞ்சிங், மெயில் ஐ.டி., கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு. நாற்காலி இருக்கிறது. பர்வீனுடைய நாற்காலி. முதுகு வலிக்கிறதென்று போன வருஷம் அவளும் நானும் சேர்ந்து சண்டை போட்டு வாங்கியது.

மெயிலில் உட்கார்ந்தேன். எங்கள் கம்பெனியில் இதற்கு ஒரு முறை உண்டு. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். ஷெட்டில் வேலை செய்பவர்களுக்கு மெயில் கிடையாது என்பதால் தமிழ்ப் பகுதியை மட்டும் பிரிண்ட் எடுத்து பஞ்சிங் மெஷின் பக்கத்து போர்டில் ஒட்டுவோம். போர்டில் ஏறிவிட்டால் அது நடந்த மாதிரி. அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இதுவரை எத்தனையோ பேருக்கு எழுதிவிட்டேன். பத்து நிமிஷ வேலை. இன்று மதியம் வரை முதல் வரியே வரவில்லை. "திவ்யாவை மகிழ்ச்சியுடன் வரவேற்கிறோம்." யார் மகிழ்ச்சி? அழித்தேன். "நம் குடும்பத்தில் புதிதாக." குடும்பத்தில் ஒருத்தி பிள்ளை பெற்றுக்கொண்டு வீட்டில் இருக்கும்போது. அதையும் அழித்தேன். பிறகு மூன்று வருஷத்துக்கு முன் ஸ்டோர்ஸ் பையனுக்குப் போட்ட மெயிலை எடுத்துப் பெயரை மாற்றினேன்.

சாருக்கு அனுப்பினேன். ஒரே ஒரு திருத்தத்தோடு வந்தது. "பர்ச்சேஸ் பொறுப்பை" என்றிருந்த இடத்தில் "காலியாக இருந்த பர்ச்சேஸ் பொறுப்பை" என்று சேர்த்திருந்தார். வேறு எங்கும் கை வைக்கவில்லை.

அந்தப் பெண் திவ்யா போன் செய்தாள். "மேடம், தொந்தரவு பண்றனுங்களா? குரோம்பேட்டைல ஹாஸ்டல் பார்த்திருக்கேன். அங்கிருந்து பஸ் எப்படிங்க மேடம்? லஞ்ச் கையில கொண்டு வரணுங்களா?" பொறுமையாகச் சொன்னேன். கோவையில் நாலு வருஷம் பார்த்த வேலையை விட்டுவிட்டு வருகிறாளாம். அவளைப் பிடிக்காமல் போக வேண்டும் என்று ரொம்ப முயற்சி செய்தேன். முடியவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஜூன் மாதத்திலிருந்து வேலை இல்லாமல் இருக்கிறார். "உனக்கெதுக்கு வம்பு? நீயா முடிவெடுத்த? டைப் பண்றவதானே நீ" என்றார். சொல்லிவிட்டு மறுபடி போனில் மெயில் திறந்து பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்ப்பாரோ. எங்கேயாவது ஒரு ஆபீசில் ஒருத்தி அவர் பெயரைப் போட்டு ஒரு வெல்கம் மெயில் எழுதமாட்டாளா என்றுதான் நானும் ஜெபிக்கிறேன்.

நவ. 5, புதன்

வெயில். துணி காய்ந்தது.

இன்று செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஆபீஸ் மெயில் குரூப்பில் பர்வீன் பெயரும் இருக்கிறது. லீவில் இருந்தாலும் போனில் பார்ப்பாள், பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. "அந்த ரிவெட் சப்ளையர் லேட் பண்றானா அக்கா?" என்று பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் கேட்டவள். அதனால் குரூப்பிலிருந்து அவள் பெயரை எடுத்தேன். மெயிலை அனுப்பினேன். உடனே அவளை மறுபடி குரூப்பில் சேர்த்தேன். இந்த ஒரு மெயில் மட்டும் அவள் கண்ணில் படாது. நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். ரொம்ப சாமர்த்தியம் என்று நினைப்பு எனக்கு.

கேன்டீனில் இருக்கும்போதே போன். பர்வீன். ஒரே சிரிப்பு.

"ஹெலன்க்கா! என்ன இது, எனக்கு வெல்கம் மெயில் வந்திருக்கு? ஹெலன் உங்களைக் குரூப்பில் சேர்த்திருக்கிறார், வரவேற்கிறோம்னு! நான் என்ன புதுசா?"

புதிதாக ஒருவரைச் சேர்த்தால் குரூப்பே தானாக ஒரு வரவேற்பு அனுப்பும். நூறு பேரைச் சேர்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாததில்லை. அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "அப்ப நடுவுல என்னை எடுத்திருந்தாங்களா?"

"சர்வர்ல ஏதோ ப்ராப்ளம். நிறையப் பேரு பேரு போயிடுச்சு."

"ஓ. சரிக்கா, ரய்யான் பாலுக்கு எழுந்துட்டான், வைக்கிறேன்."

நம்பிவிட்டாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

நவ. 6, வியாழன்

மறுபடி மழை. பஸ்ஸில் கண்டக்டர்: "உள்ள போ, உள்ள போ, அவ்ளோ எடம் கீது, எல்லாரும் படில நின்னுகினு இன்னா வேடிக்கை?" உள்ளே இடம் எங்கும் இல்லை.

திவ்யா எனக்கு முன்னாலேயே வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தாள். கூடவே அவள் அப்பா, வேட்டி நனைந்து. "பொண்ணு முதல்முறையா வெளியூருங்க. நீங்கதான் பார்த்துக்கோணும்" என்று கை கூப்பினார். வாங்கங்க, உட்காருங்கங்க என்று ஏதேதோ உளறினேன். எனக்குக் கோவைப் பேச்சு ஏன் வந்தது என்று தெரியவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் போர்டைப் படித்துவிட்டு என்னிடம்: "இன்னா மேடம், பர்வீன் மேடம் நின்னுட்டாங்களா? சொல்லவே இல்ல?"

"இல்லண்ணா, லீவுலதான் இருக்காங்க."

"அப்டியா? போர்டுல வேற மாரி போட்டுக்கீதே." அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

பத்து மணிக்கு சார் முதல் ஆளாகப் பதில் போட்டார். "Welcome Divya." குரூப் முழுவதற்கும். சார் போட்டால் போதும், குவாலிட்டி, டூல் ரூம், அக்கவுண்ட்ஸ் என்று வரிசையாக எல்லோரும் போடுவார்கள். வருஷக்கணக்காக இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் அடியில் என் மெயில் முழுசாக ஒட்டிக்கொண்டு வரும். நேற்று குரூப்பில் மறுபடி சேர்த்தவளுக்கும் போகும்.

எனக்கு இது உறைத்தபோது ஒன்பது பதில் வந்திருந்தது. போனை எடுத்தேன். அடிக்கவில்லை. என்ன சொல்லுவது?

மதியம் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாட்ஸப்பில். "பார்த்தேன்."

நவ. 7, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. பர்வீனுக்கு நாலு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

திவ்யா சுறுசுறுப்பு. பழைய பர்ச்சேஸ் ஆர்டர்களை எடுத்துப் பார்த்துவிட்டு, "இவங்க எவ்வளவு நீட்டா வெச்சிருக்காங்க மேடம்! எதுக்கு விட்டாங்க?" என்றாள். ஜெராக்ஸ் எடுக்கப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

தலைவலி. மாத்திரை. இவர் ரசம் வைத்திருந்தார், நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

நவ. 8, சனி

அரை நாள். குரோம்பேட்டையில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டில் பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கினேன். வாங்கியதும் அசிங்கமாக இருந்தது, லஞ்சம் மாதிரி. ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன்.

பர்வீன்தான் கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். "வாங்கக்கா" இல்லை. அவள் மாமியார் டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்கு அப்புறம் பிறந்தவன். அவனுக்காக நானும் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன்.

நான் ஆரம்பிப்பதற்குள் அவளே பேசினாள். குரலை உயர்த்தவில்லை, பிள்ளை எழுந்துவிடுவான் என்று.

"சார் மேல எனக்குக் கோவமில்ல. அவரு எப்படின்னு நமக்குத் தெரியும். ஸ்கூட்டர்ல அவரைப் பேசாத நாள் உண்டா? நீங்க ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல பர்வீன்."

"குரூப்புலேர்ந்து எடுக்கத் தெரிஞ்சுது. மறுபடி சேர்க்கத் தெரிஞ்சுது. சர்வர்னு பொய் சொல்லத் தெரிஞ்சுது."

"நீ கஷ்டப்படுவேன்னுதான்."

"இல்லக்கா. எனக்குத் தெரிய வரும்போது நீங்க எதிர்ல இருக்கக் கூடாதுன்னு பார்த்தீங்க. அவ்வளவுதான்."

டீ ஆறியது. உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"காலியா இருந்ததுன்னு எழுதியிருக்கீங்க. அது உங்க கையெழுத்து போட்ட மெயில். நான் செத்துட்டேனா? ஆறு மாச லீவுதானே?"

"அந்த வார்த்தை சார் போட்டது."

"அனுப்பினது?"

பிள்ளை சிணுங்கினான். தட்டிக்கொண்டே பேசினாள். "கம்ப்ளைன்ட் பண்ணலாம், எனக்கும் தெரியும். இவனைத் தூக்கிக்கிட்டு எப்படி ஆபீஸ் ஆபீஸா ஏறுறது? நீங்க ஒரு மெயில் போட்டீங்க இல்ல, இன்னொண்ணு போடுங்க. பர்வீன் லீவுல இருக்கா, ஜனவரி அஞ்சாந்தேதி வர்றா, அதே பர்ச்சேஸ் வேலைக்குன்னு. எல்லாருக்கும். போர்டுலயும். ஒருதடவை போர்டுல ஏறிட்டா சாரால ஸ்டோர்ஸுக்குத் தள்ள முடியாது."

"என் வேலை போயிடும் பர்வீன். அவரும் வீட்ல இருக்கார்."

"அப்ப ரெண்டு பேரும் வீட்ல இருப்போம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையைத் தரச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை. சட்டையை டீப்பாயில் வைத்துவிட்டு வந்தேன்.

நவ. 9, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இவரோடு சண்டை. "நீ அந்த மெயிலைப் போட்டுத் தொலைச்சேன்னா நாம ரெண்டு பேரும் தெருவுல" என்றார். நான் அவரைக் கேட்டேன்: "உங்க இடத்துக்கு வந்தவனுக்கு எவ வெல்கம் மெயில் எழுதினாளோ, அவ நல்லா தூங்கியிருப்பாளா?" கேட்டிருக்கக் கூடாது. எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து, "அன்னிக்கு ஒருத்தராவது போன் பண்ணிச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். மாவு அரைத்துக் கொடுத்தார்.

நவ. 10, திங்கள்

மூடிய வானம், மழை இல்லை. பழைய குடையையே கேட்டு பஸ் டெப்போவுக்குப் போக நேரமில்லை, விட்டாயிற்று.

சார் காலையில் வெளியே. மதியத்துக்கு மேல்தான் வருவார் என்று டிரைவர் சொன்னார். எழுத உட்கார்ந்தேன். ஆச்சரியம், நிற்காமல் வந்தது.

"நமது பர்ச்சேஸ் பொறுப்பாளர் பர்வீன் பிரசவ விடுப்பில் உள்ளார். ஜனவரி 5 அன்று அதே பொறுப்பில் பணிக்குத் திரும்புகிறார். பர்ச்சேஸ் பணியிடம் காலியாக இருந்ததாக முன்பு நான் அனுப்பிய மெயிலில் இருப்பது தவறு. அவரை வரவேற்போம். ஹெலன், எச்.ஆர்."

மேலே இங்கிலீஷில் அதையே. இந்தத் தடவை யார் பெயரையும் குரூப்பிலிருந்து எடுக்கவில்லை. அனுப்பிவிட்டேன். பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டது, திட்டிக்கொண்டே இழுத்தேன். பஞ்சிங் மெஷின் பக்கத்தில் பழையதற்கு மேலேயே ஒட்டினேன். முதல் ஷிஃப்ட் ஆட்கள் டீக்கு வந்தவர்கள் சுற்றி நின்று படித்தார்கள். பின்னாலிருந்து யாரோ, "அப்பாடா, பர்வீன் மேடம் வர்றாங்கபா" என்றான்.

பர்வீனிடமிருந்து எதுவும் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

சீட்டுக்குத் திரும்பியபோது நெஞ்சு லேசாக இருந்தது. சாரிடம் என்ன சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டம், லேபர் ஆபீஸ், கம்பெனிப் பெயர் கெட்டுப்போகும் என்று. ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் இந்த நாலு நாளாக நான் யோசிக்கவே இல்லை.

அவள் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். கையில் போன், அதில் என் மெயில்.

"மேடம், அவங்க வேலையை விட்டுட்டாங்கன்னுதான் இன்டர்வியூல சொன்னாங்க" என்றாள் திவ்யா. அழவில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு, தப்பு தன்னுடையது போலப் பேசினாள். "எனக்கு நீங்க போட்ட வெல்கம் மெயிலை எங்கப்பா ஊருல எல்லார்த்துக்கும் காட்டிட்டாருங்க. இப்ப இதையும் அவருக்கு அனுப்பிடட்டுங்களா?"

வாசலில் சாருடைய கார் வந்து நின்ற சத்தம். கேபின் கதவு. என் மேஜை இண்டர்காம் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை முதலில் உட்காரச் சொன்னேன்.